வெட்டுச் சரி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எந்தக் காகிதத்தைத் தந்தாலும் முதலில் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்தில் கணக்காய்வுத் திணைக்களத்தில் பதினொரு வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது வராமல் விடாது. கலியாணம் பேசியபோது கமலாதேவியின் சாதகத்தையும் திருப்பிப் பார்த்தேன் என்று அவளுடைய தமையன்மார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

1988 தொடக்கத்தில் அந்தக் கமலாதேவியும் மகள் சுஜீதாவும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். நான் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில் இருந்தேன். என்னை அகதியாக ஏற்று விசா தந்துவிட்டார்கள். மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது என்றும் சொன்னார்கள். முந்தின வருடம் புரட்டாதியில் விண்ணப்பம் போட்டேன். அதன்பிறகு மாதம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டேன். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று மாதம் ஒரு பதில் வந்தது. எல்லாப் பதிலும் ஒரே வசனம். சுற்றுவட்டத்து ஊர்களான ஹேர்னிங்கிலும் பிரெடெரிசியாவிலும் எந்தத் தமிழனைக் கண்டாலும் இதே கதைதான் சொன்னான். நான் விட்டுவிட்டு வந்தபோது சுஜீதாவுக்கு இரண்டு வயது. “அப்பாவோட கதை” என்று கமலாதேவி தொலைபேசியைக் கொடுத்தால், மறுமுனையில் பிள்ளை மூச்சு விடுவது மட்டும் கேட்கும். கொழும்பில் பொலிஸ்காரர் தமிழரைச் சுற்றிவளைத்துப் பிடிக்கிறார்கள், விடிந்தால் பயமாக இருக்கிறது என்று கமலாதேவி எழுதுவாள். அதைப் படித்துவிட்டு நான் டெனிஷ் வினைச்சொற்களைப் பாடமாக்குவேன். பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய காரியம்.

அந்தத் தை மாதம், மொழிப் பள்ளிக்கூடம் என்னைப் பயிற்சிக்காக ஒரு கணக்காய்வு நிறுவனத்துக்கு அனுப்பியது. அலுவலகத்தை டெனிஷில் ‘கொன்தோர்’ என்கிறார்கள். எங்கள் கந்தோர்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வீட்டுக்குத் திரும்பிய மாதிரி ஒரு சந்தோசம் வந்தது. அது எவ்வளவு முட்டாள்தனமான சந்தோசம் என்று பிறகுதான் விளங்கியது.

முதலாளியின் பெயர் எய்கில். ஐம்பத்தைந்து வயது, சிவந்த முகம், உரத்த சிரிப்பு. என்னைத் தோளில் தட்டி, நிறுத்தி நிறுத்திப் பேசி, என் பெயரைக் குலேந்திரன் என்று முழுதாகச் சொல்லப் பழகிக்கொண்ட ஒரே டெனிஷ்காரர் அவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எல்லாம் இலேசாக இருந்திருக்கும்.

உள்ளூர்க் கடைகள், பண்ணைகளின் கணக்கோடு, கிறீன்லாந்தில் ஒரு சிறு கொம்யூனின் கணக்கையும் அவர்தான் பார்த்தார். கொம்யூன் என்றால் நம் ஊர் நகரசபை மாதிரி. கிறீன்லாந்து டென்மார்க்கின் கீழ் இருக்கிறது, ஆனால் கடலுக்கு அப்பால், நாலாயிரம் கிலோமீற்றருக்கு அந்தப் பக்கம். வருடக் கணக்கு முழுவதும் பெட்டி பெட்டியாக விமானத்தில் வரும். அதைக் கிரின்ஸ்டெட்டில் இருந்து பார்த்து, சரி என்று கையெழுத்து வைத்து அனுப்புவார்கள்.

“நீங்கள் அங்கே போனதில்லையா?” என்று எய்கிலைக் கேட்டேன்.

“ஒருமுறை. மீன் பிடிக்க.” அவர் சிரித்தார்.

“உங்களை இந்த வேலைக்குத் தெரிவு செய்தது யார்?”

“மேயர். வேறு யார் தெரிவு செய்வது?”

எங்கள் திணைக்களத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கணக்குப் பார்க்கப் போகும் கந்தோரில் தேத்தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரிக்குப் போனால் போத்தலில் தண்ணீர் கொண்டுபோவோம். இங்கேயோ அந்த மேயர் மாசி மாதம் நேரில் வந்தார். ஒரு பெட்டி நிறைய உறைந்த இறால் கொண்டுவந்தார். கந்தோர் முழுக்க மேசையைச் சுற்றி நின்று உரித்து உரித்துச் சாப்பிட்டார்கள். எனக்கும் நீட்டினார்கள். இன்றைக்கு விரதம், மீன் மச்சம் தொடமாட்டேன் என்று சொல்லித் தப்பினேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. என் விரதம் வெள்ளிக்கிழமையில் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

சித்திரை மாதம் எனக்கு ஒரு கட்டு வவுச்சர் வந்தது. துறைமுகமும் வள்ளங்களும். அந்தக் கொம்யூனில் றோட்டே கிடையாது. தூரத்துக் குடியிருப்புகளில் யாருக்காவது வருத்தம் என்றால், கொம்யூனின் மரவள்ளத்தில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரி உள்ள ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வள்ளத்தைக் கரையில் ஏற்றி, அடிப்பலகை ஒன்பதை மாற்றித் திருத்தியதாக ஒரு பற்றுச்சீட்டு இருந்தது. திகதி 1987 பங்குனி 14. முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்கு. பழக்கதோசத்தில் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வெறுமை. மனம் கேட்கவில்லை. துறைமுகப் பொறுப்பாளரின் நாட்பதிவைத் தேடி எடுத்தேன். மார்கழி தொடங்கி ஆனி இரண்டாம் திகதிவரை கடல் உறைந்து கிடந்தது, ஒரு வள்ளமும் ஏற்றவில்லை, இறக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. வள்ளம் கிடந்ததோ அறுபது கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு குடியிருப்பில். அப்படியானால் அது பனியில் நடந்துபோய்த் திருத்திக்கொண்டு திரும்பி வந்திருக்க வேண்டும்.

நான் பச்சைப் பென்சிலை எடுத்து, சரிபார்ப்புத் தாளில் அந்த வள்ளத்தின் வரியில் ஒரு வெட்டுச் சரி போட்டேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கந்தோரில் காகிதத்தையும் பார்த்து, பொருளையும் பார்த்தால்தான் சரி போடலாம். காகிதம் மட்டும் கண்டோம், பொருளைக் காணவில்லை, விசாரிக்க வேண்டும் என்றால் சரியைப் போட்டு அதன் மேல் குறுக்கே ஒரு கோடு கிழிப்போம். அதுதான் வெட்டுச் சரி. அதைக் கண்டால் மேலதிகாரிக்கு நித்திரை வராது. பதினொரு வருடம் கை பழகியது, தானாகவே கிழித்துவிட்டது. கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில், என்னுடைய உடைந்த டெனிஷில், ‘கடல் உறைந்த மாதத்தில் வள்ளம் எப்படி ஏறியது?’ என்று எழுதி வவுச்சரோடு குத்திவிட்டேன்.

ஆனி மாதம் அறிக்கை அச்சாகி வந்தது. வள்ளத்துக்கு நேரே ‘இருவரால் சரிபார்க்கப்பட்டது’ என்று இருந்தது. நான் இரண்டுமுறை படித்தேன். பிறகு எழும்பி எய்கிலின் அறைக்குப் போனேன்.

“நீதானே போட்டாய்,” என்றார் அவர். பச்சைப் பென்சில் தாளை எடுத்து என் முன்னே வைத்தார். “இங்கே ஒருவர் பார்த்தால் ஒரு கோடு. இரண்டாவது ஆள் பார்த்தால் அதன் மேல் இன்னொரு கோடு. இதில் இரண்டு கோடு இருக்கிறது.”

“அது இரண்டு பேர் இல்லை. அது நான் ஒருவன்தான். அதன் பொருள் வேறு. நான் ஒரு துண்டு குத்தியிருந்தேனே?”

“துண்டா?” எய்கில் வவுச்சரைப் புரட்டினார். மூலையில் குண்டூசி குத்திய இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. துண்டு இல்லை. அவர் அந்த ஓட்டைகளைக் கட்டைவிரலால் தடவியபடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்: “உன் மனைவியின் அலுவல் எந்த அளவில் இருக்கிறது?”

“பரிசீலனையில் இருக்கிறது,” என்றேன்.

“விசா பார்க்கும் அமைச்சில் எனக்கு ஒருவரைத் தெரியும். ஒன்றாகப் படித்தோம். உன்னைப்பற்றி ஒரு கடிதம் எழுதலாம் என்று நினைக்கிறேன். பொறுப்பான ஆள், எங்களுக்குத் தேவையான ஆள் என்று.” அவர் தாளைக் கோப்புக்குள் வைத்து மூடினார். “பொறுப்பான ஆள்தானே நீ?”

அவர் என்ன விலை பேசுகிறார் என்று எனக்கு விளங்கியது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் நன்றியும் வந்தது. வெட்கம்தான், ஆனால் வந்தது.

ஆவணியில் கிறீன்லாந்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் யுடித்தெ என்ற பெண், அந்தக் கொம்யூனின் எதிர்க்கட்சி உறுப்பினர். கடிதங்களைக் கோப்பில் போடுவது என் வேலை என்பதால் நான்தான் முதலில் படித்தேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. எங்கள் கணக்கைப் பார்ப்பவரை எங்கள் மேயரே தெரிந்தெடுக்கிறார். பார்ப்பவர் இங்கே வருவதே இல்லை. மேயர் தெரிந்தெடுக்காத, எங்களிடம் நேரே வந்து கண்ணால் பார்க்கிற ஒரு கணக்காய்வாளர் வேண்டும் என்று சபையில் பிரேரணை கொண்டுவரப் போகிறேன் என்று எழுதியிருந்தார். கடைசிப் பந்தி இது: ‘வைத்தியசாலை வள்ளத்தின் அடியில் பலகை மாற்றிய அடையாளமே இல்லை. அறிக்கையோடு வந்த உங்கள் தாளின் பிரதி என்னிடம் இருக்கிறது. இருவர் பார்த்ததாக அதில் அடையாளம் உண்டு. அந்த இரண்டாவது ஆள் யார்? நான் அவரோடு பேச விரும்புகிறேன்.’

இரண்டாவது ஆள் என்று ஒருவர் இல்லை. முதலாவது ஆளும் வள்ளத்தைப் பார்க்கவில்லை. கடிதத்தை எய்கிலின் மேசையில் வைத்தேன். “பதில் நான் எழுதுகிறேன், நீ கவலைப்படாதே” என்றார்.

சனிக்கிழமைகளில் அந்தோனிதாசன் என்னை ஏற்றிக்கொண்டு ஹேர்னிங்குக்குப் போவான், மரக்கறி வாங்க. மன்னார்ப் பெடியன், மீன்பிடிக் குடும்பம், துணித் தொழிற்சாலையில் வேலை. கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பினால் பட்டினிதான். காரில் போகும்போது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பங்குனியில ஐஸுக்க கிடக்கிற வள்ளத்துக்கு ஆர் அண்ணை பலகை மாத்தினவன்?” என்றான் அவன். “மன்னாரில மழை பெய்தாலே நாங்கள் அடிப்பலகையில கை வைக்கமாட்டம். அது பச்சைப் பொய். அந்த மனிசிக்கு ஒரு கடுதாசி போடுங்கோ.”

“போட்டால் எய்கில் என்னைக் கைவிட்டிடுவார். பிறகு கமலத்தின்ர கேஸ் என்னாகும்?”

“அப்ப அந்த வள்ளத்தில ஏறுற சனம்?”

“நீ இன்னும் கலியாணம் கட்டேல்லை. உனக்கு இது விளங்காது.”

அவன் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினான். நான் சொன்னது அநியாயம் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவும் மனம் வரவில்லை. ஹேர்னிங் வந்ததும் இருவரும் வெங்காயம் பொறுக்கினோம்.

அந்த வாரம் முழுக்க யுடித்தெயின் விலாசம் என் சட்டைப்பைக்குள் இருந்தது. ‘அன்புடையீர், அந்த இரண்டாவது ஆள் நான்தான், ஆனால்’ என்றுவரை எழுதினேன். அதற்குள் கமலாதேவியின் கடிதம் வந்தது. பக்கத்து அறைப் பெடியனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி இந்த அறையிலும் இருக்க ஏலாது என்று எழுதியிருந்தாள். நான் என் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன்.

ஐப்பசி பதினெட்டாம் திகதி காலை பத்து மணிக்கு கந்தோரில் தொலைபேசி அடித்தது. எய்கில் எடுத்தார். அவர் முகத்தின் சிவப்பு மெல்ல மெல்ல வடிவதை நான் கண்ணாடிக் கதவுக்கு இப்பால் இருந்து பார்த்தேன். அந்த வள்ளம் முந்தின நாள் மத்தியானம் கடலில் மூழ்கிவிட்டது. காற்றும் பெரிதாக இல்லையாம். அடியால் தண்ணீர் வந்ததாம். வள்ளத்தில் ஆறு பேர் இருந்தார்கள், இருவர்தான் தப்பினார்கள். செத்த நாலு பேரில் பிரசவத்துக்குக் கொண்டுபோன ஒரு பெண்ணும் இருந்தாள்.

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மார்கழி முதல் வாரம் விபத்தை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். மெலிந்த ஆள், ஈரமான சப்பாத்து. அவர் வருவதற்குக் கொஞ்சம் முன் எய்கில் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை. “நேற்றுத்தான் அமைச்சில் என் சிநேகிதனோடு பேசினேன்,” என்றார். “உன் மனைவியின் கோப்பு இப்போது மேசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதாம். இன்னும் ஒரு சில வாரம்தான்.” பிறகு எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். நான் அதைக் குடித்தேன்.

அதிகாரி பச்சைப் பென்சில் தாளை மேசையில் விரித்தார்.

“இது உங்கள் அடையாளமா?”

“ஆம்.”

“இரண்டு கோடும்?”

எய்கில் கதவடியில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, தன் நகங்களைப் பார்த்தார். சொல்ல வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரியும். டெனிஷில் அந்த வசனங்களை நான் எத்தனையோ தரம் மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். இரண்டு கோடும் என்னுடையவை. அவற்றின் பொருள் ‘சரி’ அல்ல, ‘காணவில்லை’. இங்கே யாரும் எதையும் போய்ப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான், மூன்றே வசனம்.

“ஒன்று என்னுடையது,” என்றேன். “மற்றது எய்கிலுடையது.”

“எதைப் பார்த்தீர்கள்?”

“எல்லாவற்றையும். ஒழுங்காக இருந்தது.”

அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டார். போட்டேன். கையெழுத்து எப்போதும் போல நேராக விழுந்தது. கோணியிருக்கக்கூடாதா என்று இப்போது நினைக்கிறேன். அந்த மனிதர் கண்டுபிடித்திருப்பார்.

தை மாதம் எய்கில் எனக்கு நிரந்தர வேலை தந்தார். அதே மாதம் யுடித்தெயின் பிரேரணை அவர்களுடைய சபையில் தோற்றது. அந்தக் கூட்ட அறிக்கையின் பிரதி எங்களுக்கு வந்தது. ‘இருவர் சரிபார்த்ததை விசாரணையே உறுதிசெய்திருப்பதால், புதிதாக ஒரு கணக்காய்வாளர் தேவையில்லை’ என்று மேயர் பேசியிருந்தார். அதையும் நான்தான் கோப்பில் போட்டேன்.

விசா மட்டும் வரவில்லை.

வசந்தம் தொடங்கும்போது பத்திரிகைகளில் எங்கள் கதை வந்தது. தமிழருடைய குடும்ப விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டாம், அப்படியே வைத்துவிடுங்கள் என்று அமைச்சில் மேலிடம் சொல்லியிருந்ததாம். சட்டத்தில் உரிமை இருந்தும் ஒன்றரை வருடமாக எவருடைய கோப்பும் நகரவில்லையாம். அரசாங்கத்தின் ஆள் இல்லாத, ஒம்புட்ஸ்மன் என்ற ஓர் அதிகாரி, கோப்புகளைக் கொண்டுவா என்று கேட்டு வாங்கிப் பார்த்து, இது சட்டவிரோதம் என்று எழுதிவிட்டார். மொழிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பத்திரிகையை உரக்க வாசித்தார். பெடியள் கை தட்டினார்கள். நான் கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

எவருடைய கோப்பும் நகரவில்லை. அப்படியானால் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோப்பு எது?

அடுத்த நாள் எய்கிலைக் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் தெரிந்தது.

“நான் கடிதம் எழுதினேன், குலேந்திரன். சத்தியமாக எழுதினேன். அவன்தான் எனக்கு அப்படிச் சொன்னான்.”

நான் அவரை நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். அந்தக் கடிதமும் எங்கள் கோப்புகளோடு எங்கோ ஓர் அடுக்கில் தூசி பிடித்துக் கிடந்திருக்கும். நான் நாலு பேரின் சாவை விற்று வாங்கியது அதைத்தான். யுடித்தெக்கு இப்போதாவது எழுது என்று மனம் சொன்னது. கமலாதேவி வந்து சேரட்டும், பிறகு எழுதுவோம் என்று நானே எனக்கு ஒரு தவணை கொடுத்தேன்.

ஆவணி மாதம் அவர்கள் வந்தார்கள். பின்னேரம், பில்லுண்ட் விமான நிலையத்தில் நானும் அந்தோனிதாசனும் காத்து நின்றோம். கமலாதேவி பாதியாகிப் போயிருந்தாள். சுஜீதா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். நான் குந்தியிருந்து கையை நீட்டினேன். வெகுநேரம் யோசித்து ஒரு விரலை மட்டும் பிடித்தாள். அந்தோனிதாசன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். அவனுக்கு எல்லாம் தெரியும். அதிகாரிக்கு நான் என்ன சொன்னேன் என்பதும் தெரியும். என்னை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

காரில் நாங்கள் மூன்று பேரும் பின்னால் இருந்தோம். சுஜீதா நடுவில். வெளியே இன்னும் வெயில் இருந்தது, இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல்.

“இஞ்சருங்கோ,” என்றாள் கமலாதேவி. “கொழும்பில சனம் கதைச்சது. ஆரோ ஒரு அதிகாரி எங்கட பைலுகளை எல்லாம் கேட்டு எடுத்துப் பாத்தவராம். அதாலதான் எங்களை விட்டதாம். உண்மையே?”

“உண்மைதான்.”

“அவருக்கு எங்கட ஆக்களைத் தெரியுமோ?”

“ஒருத்தரையும் தெரியாது.”

“பிறகேன் மினிஸ்ரரோட முண்டினவர்? அவருக்குப் பயமில்லையே? பிள்ளை குட்டி இல்லையே?”

“இருக்கும். அதுதான் அவரின்ர வேலை.”

அவள் சுஜீதாவின் தலையைத் தடவி, தன் பக்கம் திருப்பினாள். இரண்டு வருடப் பயமும் கலைந்து, அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை இருந்தது.

“கேட்டியே பிள்ளை? உன்ர அப்பாவும் இஞ்ச அந்த வேலைதான். எங்களைப் போல முன்பின் தெரியாத எத்தினை சனம் அப்பாவால தப்பியிருக்கும் தெரியுமே? என்னப்பா, அப்படித்தானே?”

அந்தோனிதாசன் முன்னால் தொங்கிய கண்ணாடியில் என்னைப் பார்த்தான். சுஜீதாவும் முதல்முறையாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

நான் “ஓம்” என்றேன்.